பாலை மரத்தடிப் பெட்டி

பேர்ண், சுவிற்சர்லாந்து
28.08.2024

அன்பின் மேனுகாவுக்கு,

நாளுக்கு மூன்று தரம் வட்ஸ்அப்பில் கதைக்கிற எங்களுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். தண்ணீர் போகாத பைகள் பத்தும் சின்னக் கொப்பிகள் ஆறும் உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா? வெறும் கொப்பிகளை மட்டும் உறைக்குள் போட்டு அனுப்ப மனம் வரவில்லை. அதனால் நாலு வரி.

வந்து சேர்ந்து இரண்டு கிழமை ஆகிவிட்டது. இன்னும் காலையில் எழும்பினால் வட்டக்கச்சி வாய்க்கால்தான் கண்ணுக்குள் நிற்கிறது. உன்னோடு அலைந்த நாட்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது. "நீங்கள் ஜீபிஎஸ் பிடிச்சுப் பெட்டி தேடுறதுக்குச் சம்பளம் தாறவையோ?" என்று முதல் நாள் கேட்டாயே! மிதிவெடி அகற்றுகிறவளுக்கு ஜியோகேச்சிங் என்றால் என்னவென்று விளங்கப்படுத்துவது பெரிய பாடுதான். ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, அது இருக்கிற இடத்தின் ஜீபிஎஸ் இலக்கங்களை இணையத்தில் போடுவார். முன்பின் தெரியாத ஒருவர் தேடி வந்து எடுப்பார், உள்ளே இருக்கும் கொப்பியில் பெயர் எழுதுவார், இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான். மூன்றாம் நாளே நீ என்னைவிடக் கெதியாகக் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டாய்.

நல்ல செய்தி: வாய்க்கால் மதகுப் பெட்டியும் பூநகரியில் வீரகத்தி அண்ணையின் கடைப் பெட்டியும் அனுமதிக்கப்பட்டுவிட்டன. புதுப் பெட்டிகளைச் சரிபார்த்து அனுமதிக்கிற தொண்டர் முதலில் மறுத்தார். விடுமுறைக்குப் போன இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு வந்தால் அதை யார் பராமரிப்பது என்று கேட்டார். இங்கே அது பெரிய சண்டைக்குரிய விடயம். உன் பெயரையும் இலக்கத்தையும் கொடுத்து, என் மச்சாள் பக்கத்திலேயே இருக்கிறாள் என்று எழுதினேன். உடனே ஒத்துக்கொண்டார். ஆகவே நீ இப்போது உத்தியோகபூர்வப் பராமரிப்பாளர்!

மூன்றாவது பெட்டியைப் பற்றி: விசுவமடுவில் அந்தக் காணியைக் கையளித்த நாளில், மூலையில் நின்ற பாலை மரத்தடியில் வைப்போமா என்று கேட்டதற்கு நீ கோபப்பட்டது சரிதான். நான் யோசிக்காமல் கேட்டுவிட்டேன். அந்தப் பெட்டி என்னோடு பேர்ணுக்கே திரும்பி வந்துவிட்டது. கவலைப்படாதே.

கௌசலாவுக்குப் பங்குனியில் குழந்தை பிறக்கும் என்கிறார்கள்; நானும் ஒரு அப்பன் ஆகப் போகிறேன். அப்பாவை அடிக்கடி போய்ப் பார்.

அன்புடன்,
கிருசாந்தன்


வட்டக்கச்சி
03.10.2024

அன்பின் மச்சானுக்கு,

பைகளும் கொப்பிகளும் வந்தன. கடிதத்துக்குக் கடிதம்தான் பதில் என்று அம்மா சொன்னா. அதனால் எழுதுகிறேன்.

மதகுப் பெட்டியை இதுவரை மூன்று பேர் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒருவர் இணையத்தில், பாதை சேறு என்று முறைப்பாடு எழுதியிருந்தார். இன்னொருவர், இந்தப் பக்கம் போகிறவர்கள் மிதிவெடிக்குக் கவனமாக இருக்கவும் என்று எழுதியிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த வாய்க்கால் கரை பதினொரு வருடத்துக்கு முன்பே துப்புரவாக்கப்பட்டது என்று பதில் போட்டேன். சரியா, பிழையா? இதற்கு உங்கள் ஆட்களிடம் ஏதும் விதி இருக்கிறதா?

பூநகரிப் பெட்டிக்குள் இருந்த சாவிக்கோர்வையை வீரகத்தி அண்ணையே எடுத்துவிட்டார். பதிலுக்குச் சோடாப் போத்தல் திறக்கிற சாமான் ஒன்றை வைத்திருக்கிறார். ஒன்றை எடுத்தால் அதே பெறுமதியில் ஒன்றை வைக்க வேண்டும் என்ற விதியை நான் அவருக்குச் சொல்லவேயில்லை.

பாலை மரத்தைப் பற்றி நீங்கள் எழுதியதால் நானும் ஒன்று சொல்கிறேன். அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிக்கவும். ஆனால் கத்தியது பிழை என்று நினைக்கவில்லை. அந்தக் காணியில் நாங்கள் ஏழு மாதம் முழங்காலில் நின்றோம். ஒரு அடி நகர ஒரு மணித்தியாலம் எடுத்த நாட்களும் உண்டு. அந்த மூலை என்னுடைய பங்கு. காணி ஆண்டியப்பன் அண்ணைக்கும் அவர் மனைவி வீரம்மா அக்காவுக்கும் உரியது. எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த குடும்பம். காடு வெட்டி எடுத்த காணியை 2009இல் விட்டுவிட்டு ஓடியவர்கள். பதினைந்து வருடமாக வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். இனி அந்த மண்ணுக்குள் யாரும் எதையும் ஒளித்துவைக்கக் கூடாது, விளையாட்டுக்கும் கூடாது. அவ்வளவுதான் என் எண்ணம்.

போன கிழமை அவரைக் கண்டேன். காலபோக விதைப்புக்கு உழவு இயந்திரம் பேசிவிட்டாராம். "மழை வந்தோன வந்து பாருங்க புள்ள" என்றார். போக வேண்டும்.

மாமா சுகம். பின்னேரத்தில் வந்து எங்கள் வீட்டில் தேநீர் குடிப்பார். உங்களைப் பற்றிக் கேட்டால் "அவன் அங்க நல்லா இருக்கிறான்" என்று மட்டும் சொல்லுவார்.

இப்படிக்கு,
மேனுகா


வட்டக்கச்சி
07.11.2024

மச்சான்,

என் போன் பொலிஸில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் போனில் கதைக்கக் கூடிய விடயமும் இல்லை இது. அதனால் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரண்டாம் திகதி, சனிக்கிழமை காலை, ஆண்டியப்பன் அண்ணை காணியின் வடக்கு மூலையை உழுதுகொண்டிருந்தார். பாலை மர வேர்களுக்குப் பக்கத்தில் கலப்பை சில கற்களைப் புரட்டியது. உள்ளே பச்சை நிறத்தில் தகரப் பெட்டியின் மூலை ஒன்று தெரிந்திருக்கிறது. கறுப்பு நாடா சுற்றியிருந்ததாம். அவர் இயந்திரத்தை நிற்பாட்டினார். சில்லுப் போன தடத்திலேயே கால் வைத்துப் பின்னால் வந்தார். வீரம்மா அக்காவின் சிவப்புச் சட்டைத் துணி ஒன்றைத் தடியில் கட்டி நட்டார். நாங்கள் கொடுத்த இலக்கத்துக்கு அழைத்தார். காணி கையளிக்க முன் வைத்த வகுப்பில் நான்தான் இதையெல்லாம் அவர்களுக்குப் படிப்பித்தேன். ஒன்றைக்கூட அவர் பிழையாகச் செய்யவில்லை.

பொலிஸ் வந்தது. பிறகு ஆமியின் குண்டு அகற்றுகிற ஆட்கள் வந்தார்கள். திறந்து பார்க்கவில்லை. பக்கத்தில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். அவர்கள் முறை அதுதான்.

சிதறிய துண்டுகளுக்குள் ஒரு கொப்பியின் மட்டை கிடைத்தது. அதில் என் பெயரும் போன் இலக்கமும் இருந்தன.

பின்னேரம் என்னைக் கூப்பிட்டார்கள்.

"தங்கச்சி, இது உங்கட பேரோ?"

"ஓம், என்ர பேர்தான். ஆனா நான் வைக்கேல்ல."

"அப்ப ஆர் வைச்சது?"

தெரியாது என்றேன். சொல்லும்போது அது உண்மை. பிறகு மேசையில் இருந்த தகரத் துண்டைப் பார்த்தேன். அதில் சிவப்புக்குள் வெள்ளைச் சிலுவை போட்ட சுவிஸ் கொடி ஒட்டியிருந்தது.

என்னை வேலையிலிருந்து இடைநிறுத்தியிருக்கிறார்கள், விசாரணை முடியும்வரை. அவர்களில் பிழை இல்லை. வெடி தேடுகிறவளின் பெயர் அப்படியொரு பெட்டிக்குள் இருந்தால் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். காணியைத் திரும்பவும் நாடா கட்டி மூடிவிட்டார்கள். முழுக் காணியையும். சந்தேகம் வந்தால் முதலிலிருந்து பார்க்க வேண்டும். எப்போது பார்ப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் அணி ஏற்கெனவே வேறு இடத்துக்குப் போய்விட்டது.

பெட்டி உங்களோடு பேர்ணுக்கு வந்துவிட்டது என்று எழுதினீர்கள். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. நீங்கள் வைத்தீர்களா, இல்லையா? ஒரு சொல்லில் எழுதுங்கள்.

மேனுகா


பேர்ண்
24.11.2024

மேனுகா,

ஓம். நான்தான்.

ஒரு சொல்லில் கேட்டாய், எழுதிவிட்டேன். மற்றதை வாசிப்பதும் கிழிப்பதும் உன் விருப்பம்.

விமானம் ஏறுகிற நாள் காலையில் ஓட்டோ பிடித்துப் போனேன். நீ வேலைக்குப் போயிருந்தாய். பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. நான் புதைக்கவில்லை, புதைப்பது விதிக்கு மாறு. வேர்களுக்கு இடையில் வைத்துக் கல்லால் மூடினேன். அது இங்கே இராணுவம் கழித்துவிட்ட தகரப் பெட்டி, மழை போகாது, இந்த விளையாட்டில் எல்லோரும் விரும்பி வாங்குகிறது. மினுங்காமல் இருக்கத்தான் நாடா சுற்றினேன். பராமரிப்பவரின் பெயரை உள்ளே எழுதுவது முறை. அதனால் உன் பெயரை எழுதினேன். காணிக்காரரின் அனுமதி பெற்றாயிற்றா என்று கணினியில் ஒரு கட்டம் இருக்கும். அதில் அடையாளம் போட்டேன். ஒருவரிடமும் நான் கேட்கவில்லை.

எழுதி முடித்துத் திரும்ப வாசிக்கும்போது, ஒவ்வொன்றையும் ஏதோ விதியைக் காட்டிச் செய்திருக்கிறேன் என்று தெரிகிறது.

நீ சொன்ன பிறகும் ஏன் போனேன் என்று கேட்பாய். இதைக் கௌசலாவுக்குக்கூடச் சரியாகச் சொன்னதில்லை. அம்மா விசுவமடுவில் செல் குண்டு விழுந்து செத்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். எந்த இடம் என்று அப்பாவும் நானும் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்வதற்கு இடமே இருக்கவில்லை, அந்தப் பக்கம் முழுக்க மூடிக் கிடந்தது. 2009 தை மாதக் கடைசி. எனக்குப் பதினெட்டு வயது. அப்பாவும் நானும் ஒரு மண்வெட்டியால் மாறி மாறி வெட்டினோம். இடுப்பளவுகூட வரவில்லை, திரும்பவும் செல் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்படியே வைத்து மூடிவிட்டு ஓடினோம். பக்கத்தில் ஒரு பாலை மரம் நின்றது.

காணி விடுவிக்கிறார்கள், நானும் வரட்டோ என்று உன்னிடம் கேட்டேனே, அதற்காகத்தான் கேட்டேன். போய்ப் பார்த்தால் பாலை மரங்கள் நாலைந்து நிற்கின்றன. மூலையில் நின்ற மரம்தான் என்று மனம் சொன்னது. அடித்துச் சொல்ல முடியவில்லை. அங்கே கல் நட முடியாது, விளக்கு வைக்க முடியாது, அடுத்தவருடைய காணி. ஒரு பெட்டி வைத்தால் உலகத்தின் எங்கோ ஒரு மூலையிலிருந்து யாராவது வருவார்கள், அந்த மரத்தடியில் ஒரு நிமிடம் குனிவார்கள், ஒரு பெயர் எழுதிவிட்டுப் போவார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் மேனுகா. விசர் எண்ணம்தான்.

இன்னும் வெளியாகாத அதன் இணையப் பக்கத்தை எடுத்துவிட்டேன். இங்குள்ள ஆட்கள் கதைக்கிற தளத்தில் நான் செய்ததை ஒளிக்காமல் எழுதினேன். இரண்டு நாளில் நூற்று நாற்பது பதில். விடுமுறைக்குப் போகிறவர்கள் பெட்டி வைப்பதையே தடை செய்ய வேண்டும் என்கிறார் ஒருவர். இராணுவத் தகரங்களைத் தடை செய்தால் போதும் என்கிறார் இன்னொருவர். மூடியில் பெரிதாக எழுதி ஒட்டினால் பிரச்சினை வராது என்று ஒருவர் படம் கீறிப் போட்டிருக்கிறார். விளையாட்டில் நடந்த பிழைக்கு இவ்வளவு அழத் தேவையில்லை என்றும் ஒருவர். காணிக்காரருக்கு என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் வந்து சொல்லட்டுமா? சொல்லு, ரிக்கெற் போடுகிறேன். அல்லது சட்டத்தரணி மூலம் எல்லாவற்றையும் எழுதி அனுப்பட்டுமா, அம்மாவைப் பற்றியும் சேர்த்து?

கிருசாந்தன்


வட்டக்கச்சி
13.12.2024

மச்சான்,

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். கோபம் போகவில்லை. ஆனால் கமலாசனி மாமியைப் பற்றி எழுதியதை வாசித்த பிறகு அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டிய ஒன்று. அந்த மரத்தைச் சுற்றியுள்ள நிலம் முழுவதையும் நான் பார்த்திருக்கிறேன். உலோகம் தேடுகிற கருவியில் எனக்கு மூன்று சத்தம் கேட்டது. ஒரு ஆணி, மீன் ரின் மூடி ஒன்று, ஒரு துப்பாக்கிச் சன்னம். வேறொன்றும் இல்லை. ஆனால் நாங்கள் தோண்டுகிற ஆழம் பதினைந்து சென்ரிமீற்றர். அதற்குக் கீழே என்ன இருந்தாலும் எனக்குத் தெரியாது. மாமியின் மேல்தான் முழங்காலில் நின்றேனோ?

ஆண்டியப்பன் அண்ணையிடம் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அவர்கள் வீடு காணிக்கு எதிரே, ஒழுங்கையின் மற்றப் பக்கம். வீரம்மா அக்கா கதிரை எடுத்துப் போட்டா.

"ஒக்காருங்க புள்ள. நீங்க சொன்ன மாதிரிதான செஞ்சேன்? நான் தொடல. யாரையும் தொட விடல."

"நீங்கள் செய்தது சரி அண்ணை. ஒரு பிழையும் இல்லை."

"அப்ப ஏன் காணிய மூடிட்டாங்க?"

அது வெடி இல்லை, என் மச்சான் வைத்த விளையாட்டுப் பெட்டி என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

"வெளயாட்டா?"

"ஓம்."

"எங்க காணியிலயா?"

 அவர் ஒழுங்கைக்கு அப்பால் கட்டியிருந்த நாடாவைப் பார்த்தார். வீரம்மா அக்காதான் கேட்டா, "அதுக்குள்ள என்னதாம்மா இருந்திச்சி?" ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு சின்ன மாட்டு மணி என்று பொலிஸ் சொன்னதைச் சொன்னேன். அவ தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனா. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பெட்டி அகப்பட்ட அன்று விதைநெல்லை ஊறப் போட்டிருந்தார்களாம். அது சாக்குக்குள்ளேயே முளைத்துவிட்டது. பக்கத்துக் காணிக்காரர் ஒருவர் ஒரு பாத்தியளவு இடம் கொடுத்திருக்கிறார். மிச்சத்தைக் கோழிகளுக்குப் போட்டார்களாம்.

நீங்கள் புதைக்கவில்லை, கல்லால் மூடினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வித்தியாசத்தை நான் அவருக்குச் சொல்லவில்லை.

இனி நீங்கள் கேட்டதற்குப் பதில். நீங்கள் வரக் கூடாது. உங்கள் பெயரைச் சொன்ன அன்றே விசாரணை அதிகாரி என்னிடம் நேரே சொன்னார், வந்தால் விமான நிலையத்திலேயே பிடிப்பார்களாம். எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று அவருக்கே தெரியாது. கௌசலாவுக்குப் பங்குனியில் பிள்ளை பிறக்கப்போகிறது.

எழுதி அனுப்புங்கள். ஆனால் மாமியைப் பற்றி எழுதாதீர்கள். இதை எழுதக் கை கூசுகிறது, என்றாலும் எழுதத்தான் வேண்டும். எங்கள் வேலையில் எலும்பு ஏதும் கண்டால் அந்த நிமிடமே நிற்பாட்டிவிட்டு அறிவிக்க வேண்டும். பிறகு நீதிமன்றம், தோண்டுதல், அறிக்கை என்று வருடக்கணக்காகும். அப்படி மூடிக் கிடக்கிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். பெட்டி மட்டும் என்றால், திரும்பப் பார்த்துவிட்டு அடுத்த காலபோகத்துக்காவது காணியைக் கொடுக்கக் கூடும். மாமி அங்கே இருக்கிறா என்று ஒருவர் வாய் திறந்தால் ஆண்டியப்பன் அண்ணை அந்தக் காணியை இனிக் காணமாட்டார்.

ஆனால் ஏன் அந்த மரம், ஏன் அந்தக் காணி என்றுதான் என்னிடம் ஒவ்வொரு தரமும் கேட்கிறார்கள். அதற்கு நம்பக்கூடிய பதில் இல்லாதவரை என் பெயரும் சுத்தமாகாது. உண்மையைச் சொன்னால் நான் தப்பிவிடுவேன், ஆண்டியப்பன் அண்ணைக்குக் காணி இல்லாமல் போய்விடும். உங்கள் அம்மாவைப் பற்றிப் பேசாதீர்கள் என்று சொல்ல நான் யார்? தெரியாது. என்றாலும் கேட்கிறேன்.

மாமாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. வேலை ஏன் இல்லை என்று கேட்டபோது லீவு என்றேன்.

மேனுகா


பேர்ண்
05.01.2025

மேனுகா,

இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றில் அம்மா இருந்தா, மற்றதில் இல்லை. பத்து நாள் இரண்டும் மேசையில் கிடந்தன. கௌசலா இரண்டையும் வாசித்துவிட்டு இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

நேற்று அம்மா இல்லாத கடிதத்தைச் சட்டத்தரணியிடம் கொடுத்து அனுப்பினேன். வடிவான இடம், நல்ல நிழல், அதனால் வைத்தேன் என்று எழுதியிருக்கிறேன். நீ என்ன சொன்னாயோ அதுதான். பதினைந்து வருடம் சொல்லாமல் இருந்தது முடியாமல். இப்போது முடிந்தும் சொல்லவில்லை.

வேலைக்குப் போகிறேன், வருகிறேன். போன சனிக்கிழமை ஆற்றங்கரையில் இரண்டு பேர் போனைப் பார்த்தபடி வாங்கு இருக்கைக்குக் கீழே தடவிக்கொண்டிருந்தார்கள். ஜியோகேச்சிங் ஆட்கள். என்னைக் கண்டதும், நீங்களும் தேடுகிறீர்களா என்று சிரித்துக்கொண்டு கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு விலகி நடந்தேன். என் கணக்கையும் மூடிவிட்டேன். அதனால் ஒருவருக்கும் ஒரு பயனும் இல்லை என்று தெரியும். செய்வதற்கு வேறொன்றும் என்னிடம் இல்லை.

ஆண்டியப்பன் அண்ணைக்கு ஒரு கடிதம் எழுதலாமா? என்ன எழுதுவது?

அப்பாவுக்குச் சொல்லாமல் விட்டது நல்லது.

கிருசாந்தன்


வட்டக்கச்சி
09.01.2025

மச்சான்,

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. வந்துகொண்டிருக்கலாம். ஆனால் இனி நீங்கள் என்ன எழுதியிருந்தாலும் ஒன்றுதான். மாமா போய்ச் சொல்லிவிட்டார்.

சந்தையில் யாரோ அவரிடம் கேட்டிருக்கிறார்கள், உங்கட மகன் வைச்ச பெட்டியாலதானாமே மேனுகாவுக்கு வேலை போனது என்று. திங்கட்கிழமை வெள்ளை வேட்டி உடுத்து, முதல் பஸ்ஸில் போயிருக்கிறார். மத்தியானம் திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்றார்.

"பிள்ளை, நான் போய்ச் சொல்லிப்போட்டன். இனி உன்னை ஒண்டும் கேக்கமாட்டாங்கள்."

"என்ன சொன்னனீங்கள் மாமா?"

"எல்லாம் சொன்னனான். கமலாசனி அதிலதான் இருக்கிறா எண்டு சொன்னனான். அவன் தாயைத் தேடித்தான் போனவன், வெடி வைக்கப் போகேல்ல எண்டு சொன்னனான். எழுதி எடுத்தவங்கள். கையெழுத்தும் வைச்சனான்."

அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் எப்போதும் கண்டதில்லை. பெரிய பாரத்தை இறக்கிவைத்தவர் போல இருந்தார்.  ஆண்டியப்பன் அண்ணையைப் பற்றி மாமாவுக்குத் தெரியாது. நான்தான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருக்கமாட்டார். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

பிறகு சொன்னேன். காணி, பதினைந்து வருடம், முளைத்த நெல் எல்லாம் சொன்னேன். மாமா படியில் இருந்தார். "திரும்பிப் போய் இல்லையெண்டு சொன்னா எடுப்பாங்களோ?" என்று கேட்டார். எடுக்கமாட்டார்கள் மாமா என்றேன்.

நீதிமன்ற உத்தரவு வரும் என்கிறார்கள்.

மேனுகா


பேர்ண்
02.02.2025

மேனுகா,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் அம்மாவை மறைத்து எழுதிய கடிதமும் அப்பாவின் வாக்குமூலமும் இப்போது ஒரே கோப்புக்குள் இருக்கும். யார் பொய் சொல்கிறார்கள் என்று கேட்பார்கள். நான்தான் என்று சொல்லு. யோசிக்காமல் சொல்லு.

வரப் பார்த்தேன். கௌசலாவுக்கு இரத்த அழுத்தம் கூடி வைத்தியசாலையில் படுக்க வைத்திருக்கிறார்கள். அவளை விட்டுவிட்டு வந்து அங்கே பிடிபட்டால் இங்கே அவளுக்கு ஒருவரும் இல்லை.

தோண்டுகிற அன்று அப்பாவோடு நில். வெயிலில் நிற்க விடாதே. அம்மா கத்தரிப்பூ நிறச் சட்டை போட்டிருந்தா. வலது கையில் இரண்டு காப்பு. தாலியை அப்பா கழற்றவில்லை. இவ்வளவும்தான் எனக்குத் தெரியும். கேட்டால் சொல்லு.

நீ அப்பாவுக்குச் சொல்லாமல் விட்டதை நான் குறை சொல்லமாட்டேன். நானும் அதை நல்லது என்றுதானே எழுதினேன்.

கிருசாந்தன்


வட்டக்கச்சி
21.03.2025

அன்பின் மச்சானுக்கு,

மகள் பிறந்த செய்தியைக் கௌசலா அம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தா. படம் பார்த்தோம். மாமா போனை வாங்கி நெடுநேரம் வைத்திருந்தார். தாயும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

இனி மற்றது. நீங்கள் கேட்டபடி நான் மாமாவோடு நின்றேன்.

பங்குனி நாலாம் திகதி தொடங்கினார்கள். நீதவான் வந்தார், சட்ட வைத்திய அதிகாரி வந்தார். எங்கள் வேலைத்தளத்தில் நிற்பது போல நான் நாடாவுக்கு உள்ளே நிற்க முடியாது. வெளியில் நின்றேன். மாமாவுக்கு மட்டும் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். முதல் நாள் மூலை மரத்தடியில் ஐந்தடி ஆழம் வெட்டினார்கள். ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் இன்னும் அகலமாக வெட்டினார்கள். ஒன்றும் இல்லை. பின்னேரம் நீதவான் மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டார். மாமா எழும்பி நடந்து, கிழக்கே நின்ற இன்னொரு பாலை மரத்தைக் காட்டினார்.

"நிச்சயமோ ஐயா?"

"அப்ப இவ்வளவு வெளி இல்லை. பத்தையள் நிண்டது. இதாத்தான் இருக்கவேணும்."

மூன்றாம் நாள் அந்த இடத்தில் மூன்றடியில் நிற்பாட்டினார்கள்.  மாமா கதிரையிலிருந்து எழும்பினார். அருகில் போக விட்டார்கள்.

அங்கே இருந்தது இரண்டு பேர். ஒருவர் பெரிய ஆள். மற்றது பிள்ளை, ஏழெட்டு வயது இருக்கும் என்று வைத்திய அதிகாரி சொன்னார். காப்பு இல்லை, தாலி இல்லை.

"அது அவா இல்லை," என்றார் மாமா. "நாங்கள் அவாவைத் தனியாத்தான் வைச்சனாங்கள்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ ஐயா."

"எனக்கு வேற ஒண்டும் நிச்சயமில்லை. அது நிச்சயம்."

எலும்புகளைப் பைகளில் போட்டு முத்திரை வைத்துக் கொண்டு போனார்கள். அவர்கள் யார் என்று தெரியும்வரை காணி நீதிமன்றப் பொறுப்பில் இருக்கும். தேடி வருவதற்கு ஆள் இருந்தால்தானே தெரியவரும்? மாமியைத் தேடி மிச்சக் காணியையும் வெட்டுவார்களா என்று நான் கேட்டேன். மாமாவே இடத்தைச் சொல்ல முடியாதபோது முழுக் காணியையும் வெட்ட அவர்களால் முடியாதாம். இனி இந்த வழக்கில் உங்கள் குடும்பத்துக்குத் தொடர்பு இல்லை என்றும் சொன்னார்கள்.

பஸ்ஸில் வரும்போது மாமா சொன்னார், "அந்த மூண்டாம் நாள், அவாவாத்தான் இருக்கவேணுமெண்டு நான் கும்பிட்டன் பிள்ளை. ஆரோ ஒருத்தற்ற பிள்ளையைப் பாத்து அப்பிடிக் கும்பிட்டிருக்கிறன்."  இப்போது பின்னேரத்தில் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. நான் தேநீரைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

என் மேல் இனிக் குற்றம் இல்லை என்று பொலிஸ் கடிதம் தந்துவிட்டது. போனும் திரும்பி வந்துவிட்டது. ஆனால் வேலை இல்லை. இடைநிறுத்திய காலத்துக்குள் என் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அணியையும் குறைத்துவிட்டார்கள். மேற்பார்வையாளர் வருத்தப்பட்டார். அவரால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. போன் இருந்தும் ஏன் கடிதம் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். இதை வாயால் சொல்ல என்னால் முடியவில்லை.

மதகுப் பெட்டியை எடுத்துவிட்டேன். பூநகரிக்குப் போனபோது வீரகத்தி அண்ணை, அந்தப் பெட்டியை அப்போதே பொலிஸில் கொடுத்துவிட்டேன் என்றார். என்னோடு அதிகம் கதைக்கவில்லை.

ஆண்டியப்பன் அண்ணையும் வீரம்மா அக்காவும் இப்போது எங்கள் ஊரில் அடுத்தவர் வயலில் நெற்சூடு அடிக்க வருகிறார்கள். நேற்று வாய்க்காலடியில் கண்டேன். நான் பார்க்காத மாதிரிப் போக நினைத்தேன். அவர்தான் கூப்பிட்டார்.

"புள்ள, தோண்டுன எடத்துல அந்தக் கொழந்தைக்கு வீரம்மா பூ வெக்கணும்ங்கிறா. உள்ள விட மாட்டேங்குறாங்க. நீங்க கேட்டா விடுவாங்களா?"

என்னையும் விடமாட்டார்கள் அண்ணை என்றேன்.

பிறகு உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். கோபமாகக் கேட்கவில்லை மச்சான். மற்றவர்களின் நன்மைக்காகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது போலத்தான் கேட்டார். அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்:

"வேற யாரு காணியிலயாச்சும் அந்தத் தம்பி பொட்டி வச்சிருக்காரா? இருந்தா இப்பவே சொல்லச் சொல்லுங்க. மழைக்கு முந்தி உழுவாங்க."

பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மேனுகா